கால்குலேட்டர் திறப்பியல்: ஓர் ஆய்வேடு

ஆய்வின் தேவை

கம்ப்யூட்டர் கால்குலேட்டரில் கணக்குப் போடுவது எப்படி என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதைத் திறப்பது எப்படி என்ற வினாவை அறிஞர் உலகம் ஏனோ தீண்டாமலே விட்டுவிட்டது. 1985 நவம்பரில் வெளிவந்த விண்டோஸ் 1.0-இலேயே கால்குலேட்டர் இருந்தது. இன்றைய விண்டோஸ் 11-இலும் இருக்கிறது. 1995 முதல் கூடவே வந்துகொண்டிருந்த வேர்ட்பேடைக்கூட 2024-இல் நீக்கிவிட்டார்கள். கால்குலேட்டர் மேல் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. இத்தனை நெடிய வரலாறுடைய ஒன்றைத் திறக்கும் முறைகள் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வுகூட நம் பல்கலைக்கழகங்களில் பதிவாகாதது வருந்தத்தக்கது. அக்குறையை நிறைவு செய்யவே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வு எல்லை

திறந்த பிறகு அதில் என்ன கணக்குப் போட்டார்கள், விடை சரியா, அந்தத் தொகையைக் கட்டினார்களா என்பன இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. விண்டோஸ் 3.1 கால்குலேட்டரில் 2.01-இலிருந்து 2-ஐக் கழித்தால் 0.00 என்று காட்டியது வரலாறு. அதுவும் நமக்கு வேண்டாத சங்கதி. கால்குலேட்டர் திரையில் தோன்றும் கணத்தில் இவ்வாய்வாளரின் பொறுப்பு முடிந்தது.

முதன்மைத் தரவுகள் அலுவலகங்களில் பிறர் திரையை எட்டிப்பார்த்துத் திரட்டப்பட்டவை. வினாநிரல் எதுவும் தயாரிக்கப்படவில்லை. கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை என்பதே காரணம்.

கருதுகோள்

நேரம் மிச்சமாகும் என்றுதான் மனிதன் கீபோர்டில் ஷார்ட்கட் வைத்துக்கொள்கிறான், மவுஸ் பட்டனுக்கு வேலை ஒதுக்குகிறான் என்பது பொதுக்கருத்து. இவ்வாய்வு அதை மறுக்கிறது. கிராமத்தில் நிலம் வாங்குகிறவர், முன்பக்கம் தார்ச்சாலையே இருந்தாலும், வாய்க்கால் ஓரமாக ஒரு வண்டிப்பாதை பாத்தியத்தைப் பத்திரத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அந்தப் பாதையில் அவர் என்றைக்காவது வண்டி ஓட்டப்போகிறாரா என்பது வேறு கேள்வி. ஷார்ட்கட்டும் இத்தகைய பாத்தியமே. மிச்சமாகும் நேரம் என்பது பத்திரச் செலவைக் குறைத்துக்காட்டுவதற்குச் சொல்லும் காரணம். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

திறப்போர் வகை

கால்குலேட்டரைத் திறப்போர் ஐவகைப்படுவர். அவருள் தலையாயவர் யாத்திரிகர். இவர்கள் மவுஸை நகர்த்தி ஸ்டார்ட் பட்டனுக்குப் போவார்கள். அங்கிருந்து எல்லா ஆப்களும் உள்ள பட்டியலுக்குப் போவார்கள். அகர வரிசையில் இறங்கி, கால்குலேட்டரைக் கண்டு, தரிசித்து, அதன் பிறகே அழுத்துவார்கள். கால்குலேட்டர் சி என்ற எழுத்தில் பிறந்தது இவர்கள் செய்த பாக்கியம். எக்ஸ்பாக்ஸைத் தேடிப் போகிறவர்கள் படும் பாட்டை ஒப்புநோக்குக.

அடுத்தவர் எழுத்தர். விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்தி, 'கால்க்' என்பதற்குரிய நான்கு ஆங்கில எழுத்தை அடித்து, என்டர் தட்டுவோர். அந்த விசை 1994-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட நேச்சுரல் கீபோர்டில்தான் முதலில் தோன்றியது என்பதால், எழுத்தர் மரபின் வயது முப்பத்துச் சொச்சத்தைத் தாண்டாது. இவர்களுள்ளும் விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தைச் சேர்த்து 'ரன்' பெட்டியை வரவழைத்து அதில் அடிப்போர் தனிக்கிளையினர், பழமைவாதிகள். பெயின்டைத் திறக்க இன்றைக்கும் 'பிபிரஷ்' என்று அடிப்பார்கள். அது விண்டோஸ் 3.0 காலத்துப் பெயர். அப்படி அடித்தாலும் பெயின்ட் திறக்கும் என்பதுதான் வியப்பு. மைக்ரோசாஃப்டில் யாரோ ஒரு புண்ணியவான் இன்னும் அந்தக் கதவை அடைக்காமல் வைத்திருக்கிறார். 'கால்க்' என்பதும் இன்று அப்படி ஒரு வாசற்பெயர்தான். விண்டோஸ் 10 வந்தது முதல் அந்தப் பெயரில் இருக்கும் கோப்பு கணக்கே போடுவதில்லை. உள்ளே இருக்கும் உண்மையான ஆப்பைக் கூப்பிட்டுவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும்.

மூன்றாமவர் கூட்டுவிசையர். நான்காமவர் கட்டைவிரலர். இவ்விருவரே இவ்வாய்வின் நாயகர்கள் ஆதலின் பின்னர் விரிவாக நோக்கப்படுவர்.

ஐந்தாமவர் புறச்சமயத்தார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு காசியோவோ சிட்டிசனோ வைத்திருப்போர். இவர்களை இவ்வாய்வில் சேர்க்கலாமா என்று முதலில் தயக்கம் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டு அலுவலகங்களில் இவர்களே பெரும்பான்மை என்பது எட்டிப்பார்த்த அளவில் தெரிய வந்ததால் ஒதுக்க முடியவில்லை. எக்ஸெலில் வரிசையாக இருக்கும் தொகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்துக் கால்குலேட்டரில் கூட்டி, வந்த விடையை அதே எக்ஸெலின் அடியில் தட்டச்சு செய்வது இவர்களுடைய சிறப்பு வழிபாடு. "எக்ஸெலே கூட்டுமே சார்?" என்று கேட்டால், "கூட்டும்தான்... இருந்தாலும் ஒரு தடவை சரிபார்த்துடுவோம்" என்பார்கள். இவர்களைப் பாமரர் என்று தள்ளிவிட முடியாது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, வரி வீதங்களுக்கென்றே தனிப் பொத்தான்கள் வைத்த மேசைக் கால்குலேட்டரைக் காசியோ நிறுவனம் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. விண்டோஸில் நாம் அரைநாள் மல்லுக்கட்டி வைத்துக்கொள்ளும் வசதியை இவர்கள் கடையிலேயே அச்சடித்து வாங்கிவிட்டார்கள் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

பட்டன் வரலாறு

அமெரிக்காவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், டக்ளஸ் எங்கெல்பார்ட் நினைத்ததை பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் 1964-இல் மரத்தில் செய்து கொடுத்தார். அதுவே முதல் மவுஸ். அதில் ஒரே ஒரு பட்டன். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதை ஊரறியக் காட்டியபோது பட்டன் மூன்றாகியிருந்தது. அதற்குமேல் வைக்க இடமில்லை என்பதே மூன்றோடு நின்றதற்குக் காரணம் என்பர். தத்துவக் காரணம் தேடி அலைந்தவர்களுக்கு இது ஏமாற்றமே. அன்றைய மேடையில் அவர் இடக்கைக்கு ஐந்து விசைகள் கொண்ட இன்னொரு கருவியும் வைத்திருந்தார். விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் அதில் 31 சேர்க்கைகள் கிடைக்கும். வலக்கையில் பட்டன், இடக்கையில் கூட்டுவிசை. ஆகவே கட்டைவிரலரும் கூட்டுவிசையரும் தனித்தனிச் சமயத்தார் அல்லர், ஒரே மேடையில் ஒரே மனிதரின் இரு கைகளில் பிறந்தவர்கள் என்பது வெள்ளிடைமலை. பின்னாளில் இரு சாராரும் அடித்துக்கொள்வது சம்பந்தமில்லாத சண்டை.

பிறகு வந்தவர்கள் பட்டன் எண்ணிக்கையில் ஒத்துப்போகவே இல்லை. 1973-இல் ஜெராக்ஸ் ஆல்டோ மூன்று என்றது. 1983-இல் ஆப்பிள் லிசா, ஒன்று போதும், இரண்டு இருந்தால் மனிதன் குழம்புவான் என்றது. அதே 1983-இல் மைக்ரோசாஃப்ட் இரண்டு என்றது. இந்த மைக்ரோசாஃப்ட் மவுஸ் பற்றி ஒரு செய்தி நம் ஆய்வுக்கு மிக முக்கியம். மவுஸை விலைகொடுத்து வாங்குகிறவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அப்போது தெரியாது. அதற்காகவே உடன் தரப்பட்ட மென்பொருள்களில் ஒன்று இன்றைய நோட்பேடின் மூதாதை. மவுஸுக்கு ஒரு வேலை வேண்டும் என்று நோட்பேட் பிறந்தது. நாற்பது ஆண்டு கழித்து, நோட்பேடைத் திறக்க மவுஸில் ஒரு பட்டன் வேண்டும் என்று நாம் அலைகிறோம்.

கட்டைவிரலுக்குப் பெரிய அளவில் வேலை கிடைத்தது 1999-இல். மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்புளோரர் பக்கவாட்டில் இரண்டு பட்டன்களோடு வந்தது. விண்டோஸ் 2000 அவற்றுக்கு எக்ஸ்பட்டன் 1, எக்ஸ்பட்டன் 2 என்று பெயர் வைத்தது. பெயர்சூட்டு நாளன்று அலுவலகத்தில் எல்லாரும் களைத்திருந்தார்கள் போலும். 2009-இல் ரேஸர் நாகா என்ற மவுஸ் கட்டைவிரல் இருக்கும் இடத்தில் மட்டும் 12 பட்டன் வைத்தது. ஒற்றை விரலுக்கு அவ்வளவு பொறுப்பு கொடுப்பது நியாயமா என்பதைத் தொழிலாளர் நலத்துறைதான் சொல்ல வேண்டும்.

கட்டைவிரலர் படும் பாடு

இந்தப் பக்கப் பட்டன்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த வேலை, இணையப் பக்கங்களில் பின்னால் போவதும் முன்னால் போவதும். அதை மாற்றிக் கால்குலேட்டர் திறக்க வைக்க வேண்டும் என்று விண்டோஸின் மவுஸ் செட்டிங்குக்குள் போனால் ஏமாற்றமே மிஞ்சும். இடது வலது பட்டனை இடம் மாற்றலாம், வேகத்தைக் கூட்டலாம், உருளையை ஒருமுறை உருட்டினால் எத்தனை வரி நகர வேண்டும் என்று சொல்லலாம். பக்கப் பட்டன் என்று ஒன்று இருப்பதாகவே அந்தப் பக்கம் காட்டிக்கொள்ளாது. மவுஸ் செய்தவரின் மென்பொருளை இறக்க வேண்டும். அல்லது எக்ஸ்-மவுஸ் பட்டன் கன்ட்ரோல் போன்ற வெளியார் உதவியை நாட வேண்டும். நிரல் எழுதத் துணிந்தவர்களுக்கு 2003 முதல் ஆட்டோஹாட்கீ இருக்கிறது. அதில் ஒரே வரி எழுதினால் போதும்: எக்ஸ்பட்டன் 1 அழுத்தப்பட்டால் 'கால்க்' ஓடு.

ஓடும். எத்தனை தடவை அழுத்தினாலும் ஓடும். அங்கேதான் சிக்கல். விண்டோஸ் கால்குலேட்டர் ஒன்று திறந்திருக்கும்போதே இன்னொன்றும் திறக்கக் கூடியது. மவுஸ் பழசாகிவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்து, ஒருமுறை அழுத்தியதை இரண்டாகச் சொல்லத் தொடங்கும். ஒரு கணக்குக்கு இரண்டு கால்குலேட்டர். நாளடைவில் டாஸ்க்பார் முழுக்க கால்குலேட்டர் மயம். விவரமறிந்தவர்கள் 'ஏற்கெனவே திறந்திருந்தால் அதையே முன்னால் கொண்டுவா' என்று நிரலில் இன்னும் இரண்டு வரி சேர்ப்பார்கள். இரண்டு வரி நான்காகும். நான்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமையாகும்.

பட்டனை மாற்றாமல் பழைய வேலையிலேயே விட்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. மூன்று பக்க ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பி, ஆதார் எண்ணைச் சரிபார்த்து, கைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தை அடித்து முடித்த அந்த நொடியில் கட்டைவிரல் பட்டனில் பட்டுத் தொலைந்தால், பக்கம் பின்னால் போகும், எழுதியதெல்லாம் போகும். ஆகவே கட்டைவிரல் பட்டனுக்குக் கால்குலேட்டர் வேலை கொடுப்பதால் விளையும் உண்மையான நன்மை, கால்குலேட்டர் திறப்பதன்று. பின்னால் போகாமல் இருப்பது. இதை முன்னாய்வாளர் எவரும் சுட்டியதாகத் தெரியவில்லை.

இடக்கையர் பற்றி ஒரு சொல். பெரும்பாலான மவுஸ்களில் இந்தப் பட்டன்கள் வலக்கைக் கட்டைவிரலுக்கு வாகாக இடப்பக்கத்தில் இருக்கின்றன. இடக்கையால் மவுஸ் பிடிப்போருக்கு அந்தப் பக்கம் சுண்டுவிரல்தான் வரும். சுண்டுவிரலால் கால்குலேட்டர் திறப்போர் தனி ஆய்வுக்கு உரியர்.

கூட்டுவிசையர் சிக்கல்

கீபோர்டில் சொந்த ஷார்ட்கட் வைப்பதற்கு வெளியார் மென்பொருள் வேண்டியதில்லை. 'ரன்' பெட்டியில் 'ஷெல்:ஆப்ஸ்ஃபோல்டர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் எல்லா ஆப்களும் குவிந்த ஓர் அறை திறக்கும். அதிலிருந்து கால்குலேட்டரை டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டால் ஷார்ட்கட் ஐகான் வந்துவிடும். அதன்மேல் வலது கிளிக், பிராபர்ட்டீஸ். அங்கே ஷார்ட்கட் கீ என்ற கட்டத்தில் 'நன்' என்றிருக்கும். அதில் சி எழுத்தைத் தட்டினால் விண்டோஸ் தானாகவே கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் முன்னால் சேர்த்துக்கொள்ளும். ஓகே கொடுத்தால் பாத்தியம் பதிவாயிற்று. ஒரே நிபந்தனை, அந்த ஐகான் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்க வேண்டும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்த கையோடு டெஸ்க்டாப்பையும் சுத்தம் செய்கிறவர்கள் அந்த ஐகானைத் தூக்கிவிட்டு, மறுநாள் காலை கன்ட்ரோல்-ஆல்ட்-சி வேலை செய்யவில்லை என்று மைக்ரோசாஃப்டைத் திட்டுவதுண்டு.

அற்றேல், எல்லா எழுத்துக்கும் இப்படி வைக்கலாமா எனின், வைக்கலாகாது. என்னை? பல நாட்டுக் கீபோர்டுகளில் வலப்பக்க ஆல்ட் விசைக்கு ஆல்ட்-ஜிஆர் என்று பெயர். விண்டோஸ் கணக்கில் அதுவும், கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததும் ஒன்றே. போலந்துக்காரர்கள் தங்கள் மொழியில் மேற்கோடு போட்ட சி எழுத்தை ஆல்ட்-ஜிஆர் சேர்த்துத்தான் அடிக்கிறார்கள். அங்கே ஒருவர் கன்ட்ரோல்-ஆல்ட்-சி-யைக் கால்குலேட்டருக்குக் கொடுத்துவிட்டால், அந்த எழுத்து வரும் ஒவ்வொரு சொல்லிலும் கால்குலேட்டர் எட்டிப்பார்க்கும். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென், கன்ட்ரோல்-ஆல்ட் சேர்க்கையை ஷார்ட்கட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று 2004-இலேயே எழுதினார். அதே மைக்ரோசாஃப்டின் பிராபர்ட்டீஸ் கட்டம் இன்றுவரை கன்ட்ரோல்-ஆல்ட்டைத்தான் தானாக நிரப்புகிறது. ஒரே நிறுவனத்தில் இருவர் பேசிக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

போலந்து நமக்கெதற்கு என்பாரும் உளர். தமிழரான உதயகுமார் வடிவமைத்து, 2010-இல் அரசு ஏற்ற ₹ குறி, விண்டோஸின் இந்திய ஆங்கிலக் கீபோர்டில் ஆல்ட்-ஜிஆரோடு 4-ஐச் சேர்த்தால் வரும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என நான்கு செயல் இருப்பதால் 4-ஐக் கால்குலேட்டருக்கு ஒதுக்குவதே முறை என்று கருதும் அறிவாளி எவரேனும் இருந்தால், அவர் ₹ போட நினைக்கும்போதெல்லாம் ரூபாய் வராது. ரூபாயை எண்ணும் கருவி வரும். சி எழுத்திலும் ஓர் இழப்பு உண்டு. வேர்டில் கன்ட்ரோல்-ஆல்ட்-சி அடித்தால் காப்புரிமைக் குறி வரும், இனி வராது. தமிழ் எழுத்துலகில் அக்குறியைப் போடுவதால் இதுவரை யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை என்பதால் இதை இழப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஒஅதொ

எழுத்தர் மரபின் மேல் தமிழர் வைக்கக்கூடிய கடும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஒருவர் மும்முரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். நடுவில் ஒரு கணக்கு. பழக்கதோஷத்தில் விண்டோஸ் விசையை அழுத்தி 'கால்க்' அடிக்கிறார். சி இருக்கும் இடத்தில் ஒகரம், ஏ இருக்கும் இடத்தில் அகரம், எல் இருக்கும் இடத்தில் தகரம், மறுபடி ஒகரம். தகரமும் ஒகரமும் ஒட்டிக்கொள்ள, தேடல் பெட்டியில் விழுவது 'ஒஅதொ'.

ஒஅதொ என்ற பெயரில் விண்டோஸில் எந்த ஆப்பும் இல்லை. தேடல் பெட்டி தன்னால் ஆனமட்டும் முயன்று, இணையத்தில் தேடட்டுமா என்று பணிவாகக் கேட்கும். தட்டச்சு செய்தவர் மொழியை மாற்ற வேண்டும், அடித்ததை அழிக்க வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும், கணக்கை முடித்துவிட்டு மொழியைத் திரும்பத் தமிழுக்கு மாற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் மறந்துவிட்டு, ஒரு வரி முழுக்க ஆங்கிலக் குப்பையை அடித்த பிறகே நிமிர்ந்து பார்ப்பார்கள். கூட்டுவிசையருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ் அமர்ந்திருந்தாலும் ஆங்கிலம் அமர்ந்திருந்தாலும் கன்ட்ரோல்-ஆல்ட்-சி ஒன்றுதான். மவுஸ் பட்டனுக்கோ மொழியே கிடையாது. இவ்வாய்வில் ஷார்ட்கட்டுக்கு ஆதரவாகக் கிடைத்த ஒரே கனமான வாதம் இது. இதை மறுக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

1.95 மாறிலி

இனி நேரக் கணக்கு. 1980-இல் கார்டு, மோரன், நியூவெல் என்ற மூவர், கம்ப்யூட்டர் முன் அமர்ந்த மனிதனின் ஒவ்வோர் அசைவுக்கும் நேரம் வகுத்துக் கொடுத்தனர். பழகிய கை ஒரு விசையை அழுத்த 0.2 விநாடி. மவுஸால் ஓர் இலக்கைச் சுட்ட 1.1 விநாடி. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை மாற 0.4 விநாடி. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று மனம் ஆயத்தமாக 1.35 விநாடி.

யாத்திரிகர் வழியில் மனம் ஆயத்தமாகி, கை மாறி, மூன்று இலக்கைச் சுட்டி மூன்றுமுறை அழுத்தி, கை திரும்பினால் 6.05 விநாடி. எழுத்தர் வழியில் ஆறு விசையும் ஓர் ஆயத்தமும் சேர்ந்து 2.55. கூட்டுவிசையருக்கு மூன்று விசை, ஓர் ஆயத்தம்: 1.95. கட்டைவிரலருக்குக் கீபோர்டிலிருந்து கை மாறி, ஓர் ஆயத்தம், ஓர் அழுத்தம்: 1.95.

புறச்சமயத்தாரையும் விடவில்லை. மேசைக் கால்குலேட்டர் மவுஸ் இருக்கும் தொலைவிலேயே இருப்பதால் கை மாற 0.4 விநாடி, ஆயத்தம் 1.35, 'ஆன்' பொத்தானுக்கு 0.2. கூட்டினால் 1.95.

இப்பெருங்கண்டுபிடிப்பை இவ்வாய்வாளர் 1.95 மாறிலி என்று பெயரிட்டு உலகுக்கு அளிக்கிறார். ஆட்டோஹாட்கீ நிரல் எழுதியவரும், பிராபர்ட்டீஸ் கட்டத்தோடு போராடியவரும், கடைத்தெருவில் ஒரு சிட்டிசன் வாங்கி வைத்தவரும் ஒரே நொடியில் வந்து சேர்கிறார்கள். சிட்டிசன்காரர் ஏற்கெனவே கணக்கையும் தொடங்கியிருப்பார்.

எழுத்தர் வழியைவிடக் கூட்டுவிசை மிச்சப்படுத்துவது 0.6 விநாடி. ஷார்ட்கட்டை அமைக்க அரைமணி நேரம், அதாவது 1,800 விநாடி ஆயிற்றென்றால், முதலை எடுக்க 3,000 முறை கால்குலேட்டரைத் திறக்க வேண்டும். நாளுக்குப் பத்துமுறை என்றால் 300 வேலைநாள். அரசு அலுவலக விடுமுறைகளைக் கழித்துப் பார்த்தால் ஓராண்டுக்கும் மேல். இடையில் கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுத்துவிட்டால் முதலும் போயிற்று. மேலும் ஒன்று: 1.95-இல் 1.35 யோசனைக்கே போய்விடுகிறது. அதைக் குறைக்கும் பட்டனை இதுவரை யாரும் செய்யவில்லை.

ஆப்பிளில் இடைமுக வல்லுநராக இருந்த புரூஸ் டாக்னாஸினி 1980-களின் இறுதியில் இதைவிடக் கசப்பான ஒன்றைச் சொன்னார். சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் கீபோர்டுதான் வேகம் என்று சத்தியம் செய்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் மவுஸ்தான் வேகம் என்கிறது. இதைக் கேட்டுக் கூட்டுவிசையர் இன்றளவும் கொதிப்பதுண்டு. ஆனால் ஒருவர்கூட இதற்காகத் தம் ஷார்ட்கட்டைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. நேரம்தான் காரணமென்றால் கைவிட்டிருக்க வேண்டாமா? கருதுகோள் வலுப்பெறுவது காண்க.

பாத்தியப் போட்டி

கீபோர்டில் நிறுவனங்களும் தங்கள் பாத்தியத்தை விடாமல் பதிவு செய்து வருகின்றன. சில கீபோர்டுகளில் கால்குலேட்டருக்கென்றே தனி விசை உண்டு; விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் அதற்கு 18 என்று எண். அங்கே போய் மாற்றினால் அந்த விசை நோட்பேடைத் திறக்கும். படம் கால்குலேட்டர், பலன் நோட்பேட். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் நான்கையும் அழுத்தியபடி எல் தட்டினால் லிங்க்ட்இன் திறக்கும் என்பதை யார் எந்த நோக்கத்தில் அமைத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஐந்து விரலையும் விரித்து வேலை தேடும் நிலை ஒருவருக்கு வரலாம் என்ற முன்யோசனையாக இருக்கலாம். 2024-இல் மைக்ரோசாஃப்ட் கோபைலட் என்ற புது விசையை அறிவித்தது. அதை அழுத்தினால் உள்ளே ஷிஃப்ட், விண்டோஸ், எஃப்23 மூன்றும் அழுத்தப்பட்டதாகச் செய்தி போகிறது. நம் கீபோர்டில் எஃப்12-க்கு மேல் கிடையாது. இல்லாத விசையை அழுத்தும் ஒரு விசை. இதைச் செய்தவர்கள் நம் ஞாயிற்றுக்கிழமையைக் கேலி செய்ய முடியாது. லினக்ஸ்காரர்கள் இதில் கொஞ்சம் பெருந்தன்மையானவர்கள். நோம் திரைச்சூழலின் கீபோர்டு செட்டிங்கில் 'கால்குலேட்டரைத் திற' என்று ஒரு வரியை எழுதிவைத்து, விசையை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

உரியவர் கேளாமலே கால்குலேட்டரைத் திறக்கும் ஆறாம் வகையினரும் உளர். கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்தால், 'உன் கம்ப்யூட்டரில் நான் நினைத்ததை ஓட்ட முடியும்' என்று நிறுவ, தொலைவிலிருந்தே கால்குலேட்டரைத் திறந்து காட்டுவது அவர்கள் மரபு. கெடுதல் செய்யாத, எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிற ஓர் ஆப் வேண்டுமல்லவா. ஆக, இத்துறையில் உச்சம் தொட்டவர்கள் ஷார்ட்கட்டும் வைப்பதில்லை, மவுஸையும் தொடுவதில்லை.

கருதுகோளுக்கு இறுதிச் சான்று எந்த அலுவலகத்திலும் கிடைக்கும். கட்டைவிரல் பட்டனுக்கு வேலை கொடுத்து வைத்திருப்பவரின் இருக்கையில் அவர் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து மவுஸைத் தொடுக. கால்குலேட்டர் திறந்துகொள்ளும். மூடுக. மீண்டும் திறந்துகொள்ளும். தேநீர்க் குவளையோடு திரும்பி வருகிறவர் முகத்தில் எரிச்சல் இராது. "அதுல கை வைக்காதீங்க சார், அது நான் செட் பண்ணி வெச்சிருக்கேன்" என்பார். அந்தக் குரலில் தொனிப்பது நேரத்தை மிச்சம் பிடித்தவனின் திருப்தி அன்று. அது பட்டாதாரரின் குரல்.

முடிவும் பரிந்துரையும்

ஆங்கிலத்தில் மட்டுமே தட்டச்சு செய்வோருக்கு எழுத்தர் வழியே போதும். தமிழ்99-இல் எழுதுவோர் கன்ட்ரோல்-ஆல்ட்-சி வைத்துக்கொள்ளலாம், 4-ஐத் தொடவேண்டாம். கட்டைவிரல் பட்டன் விண்ணப்பம் நிரப்பும் நாட்களில் மட்டும் செயலிழக்கச் செய்யப்படுவது நலம். புறச்சமயத்தாரிடம் வாதம் செய்து பயனில்லை, அவர்களிடம் 1.95-உம் இருக்கிறது, ஜி.எஸ்.டி. பொத்தானும் இருக்கிறது.

இத்துறையில் மேலும் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நோட்பேட் திறப்பியல்' என்ற தலைப்பை இவ்வாய்வாளர் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டார். அதற்கு விண்ணப்பிக்க வேண்டாம். பெயின்ட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.